பங்குக் காணியும் அரச உத்தியோகத்தரின் முதல் வீடும்

“மிஸ், உங்கட சம்பளத்தில ஒரு பிரச்சினையும் இல்லை. காணிதான் பங்கில கிடக்கு.”

கடன் பகுதி உத்தியோகத்தர் இதைச் சொல்லிவிட்டு உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, மெல்ல எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். என் மச்சாள் தாதி. பதினாறு வருட சேவை. வாடகை அனெக்ஸ் ஒன்றில் குடியிருந்துகொண்டு, கொக்குவில் பக்கம் ஒன்றரைப் பரப்பு வாங்கி ஒரு சின்ன வீடு கட்டலாம் என்று புறப்பட்டவர். நியமனக் கடிதம், சம்பளப் பத்திரம், திணைக்களத் தலைவரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் ஒரு கோவைக்குள் ஒழுங்காகக் கிடந்தன. உத்தியோகத்தரின் பேனை நின்ற இடம் உறுதியின் இரண்டாம் பக்கம்: ‘இலுப்பையடி என்னும் பெயருடைய காணி பரப்பு 3, இதில் பிரிபடாத இரண்டில் ஒரு பங்கும், இதிலுள்ள கிணற்றில் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும்...’

‘பிரிபடாத’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் கடன் நின்றது. விற்கிறவருக்கு உரியது பாதி. ஆனால் எந்தப் பாதி என்று நிலத்தில் கோடு கீறிக் காட்ட முடியாது. மூன்று பரப்பின் ஒவ்வொரு பிடி மண்ணிலும் பாதி அவருடையது. மற்றப் பாதியில் ஒரு கால் ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கு. இன்னொரு கால் செத்துப்போன அண்ணனின் பிள்ளைகளுக்கு, ஆளுக்கு எட்டில் ஒன்று. அவர்களில் ஒருவர் லண்டனில், மற்றவர் பிரான்சில் லியோனில். இந்த மூன்று பேரும் கையெழுத்து வைக்காமல் வங்கி அந்தக் காணியை ஈடாக எடுக்காது. வங்கியைக் குறை சொல்லவும் முடியாது. நாளைக்குக் கடன் தவறினால், ஏலத்தில் எதை விற்பது?

(யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்கு: 1 பரப்பு என்பது 10 பேர்ச். 16 பரப்பு சேர்ந்தால் 1 ஏக்கர். ஒரு பரப்புக்குள் 18 குழி.)

அரச ஊழியர் முதல் வீடு வாங்க உதவுவது என்ற பேச்சு வந்தாலே எல்லாரும் வட்டி வீதத்தில் போய் நிற்கிறார்கள். வட்டியைக் குறை, கடன் உச்சவரம்பைக் கூட்டு. கொழும்புக்கு அது சரியாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் வட்டி இரண்டாவது வரிசைப் பிரச்சினை என்பதுதான் என் எண்ணம். முதல் வரிசையில் நிற்பது காணி. அதன் விலையும், அதைவிட அதன் உறுதியும்.

இந்த யோசனைக்கு வெளிநாட்டில் ஒரு வரலாறு உண்டு. பிரித்தானியாவில் இவர்களுக்கு ‘முக்கியப் பணியாளர்’ என்று ஒரு பெயரே இருக்கிறது. தாதி, ஆசிரியர், பொலிஸ், தீயணைப்பு வீரர் என்று, இல்லாவிட்டால் நகரம் நின்றுவிடும் ஆட்கள். ஆனால் அந்த நகரத்தில் வீடு வாங்கும் சம்பளம் அவர்களுக்கு இல்லை. லண்டனிலும் அதைச் சுற்றிய தென்கிழக்கிலும் வீட்டு விலை ஏறஏறத் தாதிமாரும் ஆசிரியர்களும் விலகிப் போகத் தொடங்கியபோது, 2001இல் 25 கோடி பவுண் ஒதுக்கி அவர்களுக்கான முதலாவது திட்டத்தைத் தொடங்கினார்கள். 2004இல் அதைவிடப் பெரிய திட்டம், 69 கோடி பவுண். அதன் முக்கிய பகுதி 50,000 பவுண் வரையான ஒரு வகைக் கடன். மாதம் மாதம் கட்ட வேண்டியதில்லை. வீட்டை விற்கும்போது, விலை ஏறியிருந்தால் அந்த ஏற்றத்தில் அரசுக்கும் ஒரு பங்கு. வேலையை விட்டால் இரண்டு வருடத்துக்குள் கடனைத் திருப்ப வேண்டும். தாதி தாதியாக இருக்கும் வரைக்கும்தான் சலுகை.

இன்னொரு வழியும் வைத்திருந்தார்கள். வீட்டில் ஒரு பகுதியை மட்டும், கால்வாசியோ பாதியோ, வாங்குவது. மீதிப் பகுதிக்கு வாடகை கட்டிக்கொண்டு அதே வீட்டில் இருப்பது. கையில் காசு சேரச்சேர மிச்சத்தையும் வாங்கலாம். தமிழில் சொன்னால் பங்கு வீடு. லண்டனில் ‘பங்கு’ என்பது வீட்டுக்குள் நுழைவதற்கான கதவு. இங்கே அதே சொல்லைக் கேட்டதும் வங்கி கோவையை மூடுகிறது.

பிறகு 2013இல் எல்லாருக்கும் பொதுவான ஒரு பெரிய கடன் திட்டம் வந்தது. புதிய வீட்டின் விலையில் 20 சதவீதம் அரசு கடனாகக் கொடுத்தது. 2016இலிருந்து லண்டனில் 40 சதவீதம் வரை. 2023 வரை ஓடியது. 2022இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபையின் குழு ஒன்று அதைப் பார்த்துவிட்டு, உதவி அதிகம் தேவைப்பட்ட இடங்களில் கொடுத்த மானியத்தைவிட வீட்டு விலை கூடுதலாக ஏறியது என்று எழுதியது. வாங்குகிறவனின் பொக்கற்றில் போட்ட காசு விற்கிறவனின் பொக்கற்றுக்குப் போய்விட்டது. 2021இல் வந்த மற்றொரு திட்டம் வேறு மாதிரி. வீட்டைச் சந்தை விலையில் குறைந்தது 30 சதவீதம் கழித்து முதல் வீடு வாங்குகிறவருக்கு விற்பது. அவர் பின்னர் விற்கும்போதும் அதே 30 சதவீதக் கழிவோடுதான் அடுத்தவருக்கு விற்க வேண்டும். யாருக்கு முன்னுரிமை என்பதை உள்ளூராட்சி சபையே தீர்மானிக்கலாம், முக்கியப் பணியாளருக்கு என்றும் சொல்லலாம். முதல் வகை காசைக் கூட்டுகிறது. இரண்டாவது வகை விலைக்குப் பூட்டுப் போடுகிறது. யாழ்ப்பாணத்தைப் பற்றி யோசிக்கும்போது இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

விலையை யார் தீர்மானிக்கிறார்கள்

திருநெல்வேலி, கோண்டாவில், கொக்குவில், நல்லூர். பல்கலைக்கழகத்துக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் கிட்ட. இந்தப் பக்கத்தில் ஒரு பரப்பு பல பத்து இலட்சம். பிரதான வீதிக்கு முகம் இருந்தால் கணக்கே வேறு. இங்கே வாங்கி விற்கும் விலை இங்கே சம்பளம் எடுக்கிறவர்களால் தீர்மானமாவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் 2022இல் நடந்ததைக் கொஞ்சம் கணக்காகப் பார்க்க வேண்டும்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிக்கடனைக் கட்டுவதை நிறுத்துகிறது. மே மாதம் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. 40 இலட்சம் சொன்ன ஒரு காணி, மார்ச்சில் 20,000 டொலர். அதே காணி, அதே 40 இலட்சம், மே மாதம் 11,000 டொலர் சொச்சம். விலைப்பட்டியலில் ஒரு எழுத்தும் மாறவில்லை, வெளிநாட்டில் இருக்கிறவருக்குக் காணி கிட்டத்தட்ட அரைவிலைக்கு வந்துவிட்டது. அதே வருடம் செப்ரெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோது, தாதியின் அடிப்படைச் சம்பளம் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. விற்கிறவர் இதைக் கவனிக்காமல் இருப்பாரா? விலையை ஏற்றினார். டொலருக்கு அது அப்போதும் மலிவுதான். ரூபாய்ச் சம்பளக்காரருக்குக் காணி இன்னும் தூரமாகப் போனது.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் இங்கே காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. அது இல்லாதவருக்கு இங்கே ஒரு அக்காவின் பெயர் இருக்கிறது. இதைப் பழியாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கூரை ஓடும் சுவிஸ் காசில் வந்ததுதான். ஆனால் ஒரே காணிக்கு ஒரு தாதியும் ஒரு வெளிநாட்டுக்காரரும் போட்டி போட்டால் தாதி தோற்பது விலையால் மட்டும் இல்லை, வேகத்தாலும்தான். அவர் ஒரு கிழமைக்குள் முழுக் காசையும் வைப்பார். தாதியின் வங்கி முப்பது வருட உரித்துத் தேடச் சொல்லும், சேர்வேயரின் பிளான் கேட்கும், மதிப்பீட்டாளரை அனுப்பும். அதற்குள் அச்சவாரம் (கொடுத்த முற்பணம்) திரும்பி வந்துவிடும்.

சின்னதாக இன்னொரு விஷயம். உறுதியில் எழுதும் விலையும் கையில் மாறும் விலையும் ஒன்றாக இருப்பது குறைவு. முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். அதை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்து எழுதுவார்கள். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு இதனால் நட்டம் இல்லை. கடன் எடுத்து வாங்குகிற அரச உத்தியோகத்தருக்கோ உண்மையான விலை உறுதியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடன் காணாது. ‘முழு விலையும் எழுதினால்தான் வாங்குவேன்’ என்று சொல்கிற ஆளை எந்த விற்பனைக்காரர் விரும்புவார்?

சம்பளம் என்ன தாங்கும்

சரி, காணி சுத்தமாகக் கிடைத்துவிட்டது என்றே வைப்போம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச துறையின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக ஏறியது. ஒரேயடியாக இல்லை, 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என்று மூன்று தவணையில். அதோடு 2024இலிருந்து வாழ்க்கைச் செலவுப் படி 17,800. சேவைக்காலம் உள்ள தாதி ஒருவருக்கு மேலதிக நேரமும் சேர்த்து இதைவிடக் கூட வரும். இப்போது கடனைப் பார்ப்போம். 50 இலட்சம், 20 வருடம், வட்டி 12 சதவீதம் என்றால் மாதம் ஏறத்தாழ 55,000 ரூபாய். அதே கடன் 20 சதவீத வட்டியில் 85,000. இரண்டாவது கணக்கு கற்பனை இல்லை. 2022, 2023இல் வட்டி அதற்கும் மேலே போனது. மாறும் வட்டிக்குக் கடன் எடுத்திருந்தவர்கள் அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள் என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். நகைக்கடையின் அடகுப் பகுதியில் இருந்துதான் பதில் தொடங்கும்.

இதில் வயதும் சேர்ந்துகொள்கிறது. ஓய்வு பெறும் வயது 60. இடையில் 65 என்று ஆக்கினார்கள், 2023 ஜனவரி முதல் மறுபடியும் 60. வங்கி அதற்குள் கடனை முடிக்கப் பார்க்கும். ஆனால் இங்கே பட்டதாரி நியமனத்துக்குக் காத்திருந்து முப்பதைத் தாண்டித்தான் பலர் ஆசிரியர் ஆகிறார்கள். பிறகு கஷ்டப் பிரதேசச் சேவை: முல்லைத்தீவு, கிளிநொச்சி, அல்லது குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நெடுந்தீவு. யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கிடைத்து, காணி தேடத் தொடங்கும்போது வயது 45. மிச்சம் 15 வருடம். அதே 50 இலட்சத்துக்கு மாதத் தவணை 60,000 ஆகிவிடும்.

அரச ஊழியருக்கென்று கடன் இல்லாமல் இல்லை. இடர்கடன் இருக்கிறது. 4.2 சதவீத வட்டி, கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் நெடுங்காலமாக அதன் உச்சவரம்பு இரண்டரை இலட்சமாகத்தான் இருந்தது. இன்றைய சீமெந்து விலைக்கு மதிலுக்கே காணாது. அதைவிட்டால் ஆதனக் கடன். அரச வங்கிகள் மூலம் கொடுபடுவது, வட்டியில் ஒரு பகுதியைத் திறைசேரி தாங்கும். நல்ல திட்டம்தான். ஆனால் அதுவும் கடைசியில் அதே மேசைக்குத்தான் வருகிறது: உறுதி எங்கே, பிளான் எங்கே, பங்காளர் யார்?

இங்கே வேடிக்கையான ஒன்று. தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறவருக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. அதன் மீதியைப் பிணையாக வைத்து வீட்டுக்கடன் எடுக்கலாம். ஓய்வூதியமுள்ள அரச உத்தியோகத்தருக்குச் சேமலாப நிதி இல்லை. அவர் சம்பளத்தில் வெட்டுவது விதவைகள், தபுதாரர் ஓய்வூதியத்துக்கு. அதை ஈடு வைக்க முடியாது. சிங்கப்பூரில் 1968இலிருந்து சேமலாப நிதிக் காசை எடுத்து அரச தொடர்மாடி வீடு வாங்கலாம். அங்கே பெரும்பாலான குடும்பங்கள் அப்படித்தான் வீட்டுக்காரர் ஆனார்கள். இங்கே ஓய்வூதியம் வயதானபின் சோறு போடும். முப்பத்தைந்து வயதில் கல் அரிய உதவாது.

கோறணமேந்தும் சீதன வீடும்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று சொன்ன ஊர் இது. கொழும்பிலும் மலாயாவிலும் கிளாக்கர், ஸ்ரேசன் மாஸ்ரர் வேலை பார்த்தவர்கள் மாதம் மாதம் காசுக்கட்டளை அனுப்பினார்கள். ஊரில் கல்வீடு எழும்பியது. ‘மலாயன் பென்சனியர்’ வீடு என்று இன்றும் சில வீடுகளைக் காட்டுவார்கள். எழுபதுகளில் இறக்குமதி தடைப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் செய்த தோட்டக்காரர் வீடு கட்டினார்கள். எண்பதுகளுக்குப் பிறகு வெளிநாட்டுக் காசு. ஒவ்வொரு காலத்திலும் வீட்டைக் கட்டியது வெளியிலிருந்து வந்த ஒரு காசுதான். உள்ளூரில் இருந்து உள்ளூர்ச் சம்பளத்தில் வீடு வாங்கு என்று இங்கே யாரும் யாரிடமும் பெரிதாக எதிர்பார்த்ததில்லை.

ஏன் எதிர்பார்க்கவில்லை என்றால், முதல் வீட்டுக்கு எங்களிடம் ஏற்கெனவே ஒரு நிதித் திட்டம் இருந்தது. அதன் பெயர் சீதனம். அரசாங்க உத்தியோக மாப்பிள்ளை வீட்டோடு கேட்பார். பெண்ணின் தகப்பன் கொடுப்பார். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். உத்தியோகத்தரின் வீட்டுப் பிரச்சினையை மாமனார் தீர்த்துவைத்ததால் அரசாங்கம் அதைப் பார்க்கவே தேவை வரவில்லை. அப்புறம் போர். மாமனார் வீடு ஷெல் விழுந்து போனது, அல்லது 1990இல் வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது, அல்லது 1995 இடப்பெயர்வோடு எல்லாம் போனது. இன்றைக்கு நிலைமை தலைகீழ். தாதியும் ஆசிரியையும் தங்கள் சம்பளத்தில் கடன் எடுத்துத் தங்கள் சீதன வீட்டைத் தாங்களே கட்டுகிறார்கள். மூத்த பிள்ளை என்றால் தங்கச்சியின் வீட்டையும் சேர்த்து. கல்யாணப் பேச்சில் அதை ‘பெண் வீட்டார் குடுக்கிற வீடு’ என்றுதான் சொல்வார்கள்.

போருக்குப் பிறகு வந்த வீட்டுத் திட்டங்களும் இவர்களைத் தொடவில்லை. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டம் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் கொடுத்து வடக்கு கிழக்கில் பல்லாயிரம் வீடுகளை எழுப்பியது. அது வீடிழந்த, இடம்பெயர்ந்த ஏழைக் குடும்பங்களுக்கானது, சரியாகவே அப்படி வைத்தார்கள். மாதச் சம்பளக்காரர் அந்த வரிசையில் நிற்க முடியாது. கொடுப்பனவு எடுக்க ஏழை இல்லை, காணி வாங்கப் பணக்காரர் இல்லை.

உறுதிக்குள் இருக்கும் ஊர்

இனிப் பங்குக் காணிக்கு வருவோம். இது எங்கள் ஊரின் சொந்தச் சிக்கல். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஈசாக்ஸ் தொகுத்த தேசவழமை, 1806இல் ஆங்கிலேயரால் சட்டமாக ஏற்கப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. முதுசொம் (பரம்பரையாய் வந்தது), சீதனம், தேடியதேட்டம் (கல்யாணத்துக்குப் பிறகு தேடியது) என்று சொத்தை மூன்றாகப் பார்க்கும் சட்டம். தகப்பன் எழுதிவைக்காமல் இறந்தால் காணி பிள்ளைகளுக்குப் பங்காகப் போகும். நிலத்தில் வேலி மாறாது, காகிதத்தில் மட்டும் நாலில் ஒன்று, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று நொறுங்கிக்கொண்டே போகும். மூன்று தலைமுறை போய், பாதிப் பேர் வெளிநாடும் போனால், ஒரு காணிக்கு முப்பது உரித்தாளர் என்பது அதிசயமில்லை.

பங்காளர் ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்க வேண்டுமானால், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க முன்வாங்கல் சட்டத்தின்படி மற்றப் பங்காளருக்கும் தன் உரித்தாளருக்கும் முதல் உரிமை கொடுக்க வேண்டும். அறிவிக்காமல் விற்றால் வழக்கு. பிரித்தெடுக்க வேண்டுமா? எல்லாரும் இணங்கினால் பிரிவிடு உறுதி எழுதலாம். இணங்காவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பங்கீட்டு வழக்கு. அதைத் தகப்பன் தொடங்கினால் மகன் முடிப்பான் என்பார்கள். பத்து வருடம் ஆண்டு அனுபவித்து உரிமை கோரும் வழியிலும் இப்போது கவனம் வேண்டும். போரினால் வழக்குப் போட முடியாமல் போனவர்களைப் பாதுகாக்க 2016இல் வந்த 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே முதல் 2009 மே வரையான காலத்துக்கு விசேட ஏற்பாடு செய்தது. மிக நியாயமான சட்டம். ஆனால் ‘நாங்கள் இருபது வருஷமாய் ஆளுறம்’ என்ற பேச்சை மட்டும் நம்பி வங்கி கடன் தராததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெண்களுக்கு இதற்குள் இன்னொரு முடிச்சு. தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் அது. தாதிமாரிலும் ஆசிரியர்களிலும் கூடுதலானோர் பெண்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். சம்பளம் அவருடையது, காணி அவருடையது, கடன் கட்டப்போவதும் அவர். கணவன் வெளிநாட்டில் என்றால் சம்மதக் கடிதம் கடல் தாண்டி வர வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

இவ்வளவும் காணி உள்ள குடும்பங்களின் கதை. முதுசொமே இல்லாதவர்களும் அரச சேவையில் இருக்கிறார்கள். சாதியின் பேரால் தலைமுறை தலைமுறையாகக் காணி மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் படித்து உத்தியோகம் எடுத்திருக்கிறார்கள். காசோடு போனாலும் சில ஒழுங்கைகளில் ‘காணி விக்கிற எண்ணம் இல்லைத் தம்பி’ என்ற பதில்தான் வரும், அடுத்த மாதம் அதே காணி வேறொருவருக்கு விற்பட்டிருக்கும். நகரத்தின் குப்பையை அள்ளும் சுத்திகரிப்புத் தொழிலாளி அமைய அடிப்படையில் இருந்தால் வங்கிக்குக் காட்ட நிரந்தர நியமனக் கடிதமும் இல்லை. அத்தியாவசியச் சேவை என்று கொரோனாக் காலத்தில் கை தட்டியது இவர்களுக்கும் சேர்த்துத்தான். முக்கியப் பணியாளர் பட்டியல் ஒன்றை இங்கே எழுதினால் அதைத் தாதியோடும் ஆசிரியரோடும் நிறுத்தக்கூடாது.

கிணறும் மலகூடக் குழியும்

சின்னச் சின்னத் துண்டாக வெட்டி விற்றால் மலிவாக வருமே என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் அதைத் தடுப்பது நிலத்துக்கு அடியில் இருக்கிற சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கித்தான் எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஆகிறது. மலகூடக் குழியில் விடுவதும் அதே கல்லுக்குள்தான் இறங்குகிறது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி வேண்டும் என்பார்கள். ஒரு பரப்புக் காணியில் வீட்டையும் வைத்து, கிணற்றையும் வைத்து, பக்கத்து வளவுக் குழியையும் பார்த்து அந்த 50 அடியைக் கண்டுபிடிக்கிறது ஒரு வித்தை. அரைப் பரப்பில் நினைக்கவே வேண்டாம். குழாய்த் தண்ணீர் எல்லா ஒழுங்கைக்கும் வந்தால் இந்தக் கணக்கு மாறும். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது அந்த வழியில் ஒரு படி. கழிவுநீர்க் குழாய் இல்லாத வரைக்கும் பாதிக் கணக்குத்தான் மாறும். தொடர்மாடிக்கு ஊர் இன்னும் மனம் ஒப்பவில்லை என்பது வேறு கதை. ஒரு வேம்பும் நாலு வாழையும் இல்லாத வீட்டை வீடு என்று சொல்ல எங்கள் அம்மாவுக்கு வாய் வராது.

என்ன செய்யலாம்

கடன் உச்சவரம்பைக் கூட்டுவது மட்டும் போதாது என்பதோடு, தனியாகச் செய்தால் அது கெடுதலும் ஆகலாம். விற்பனைக்குச் சுத்தமான உறுதியோடு வரும் காணி கொஞ்சம்தான். எல்லா ஆசிரியரின் கையிலும் இன்னும் இருபது இலட்சம் கடனைக் கொடுத்தால், அந்தக் கொஞ்சக் காணியின் விலை ஏறும். லண்டனில் நடந்ததுதான் கோண்டாவிலிலும் நடக்கும்.

நான் முதலில் செய்யச் சொல்வது காசு குறைந்த, அலுப்புக் கூடிய வேலை. மாவட்டச் செயலகத்தில் ஒரு மேசை. ஒரு சட்டத்தரணி, ஒரு சேர்வேயர், காணிப் பதிவகத்தில் தேடத் தெரிந்த ஒருவர். அரச உத்தியோகத்தர் வாங்கப்போகும் பங்குக் காணியின் உரித்து மரத்தைக் கீறி, எந்தப் பங்காளர் எந்த நாட்டில் என்று கண்டுபிடித்து, அந்த நாட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்தின் மூலம் அற்றோணித் தத்துவத்தை (அவருக்காக இங்கே ஒருவர் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரத்தை) எடுத்து, பிரிவிடு உறுதியை முடித்துக் கொடுப்பது. இதற்கு இப்போது ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் அலைகிறது. இதைச் செய்தால் அடைபட்டுக் கிடக்கும் காணிகள் சந்தைக்கு வரும். காணி கூடினால் விலை இறங்காவிட்டாலும் ஏறும் வேகம் குறையும்.

இரண்டாவது, பூட்டுப் போட்ட விலை. அரச காணி இருக்கும் இடத்தில் துண்டு பிரித்துக் கொடுப்பதானால், விற்கும்போது அதே கழிவு விலைக்கு இன்னொரு உத்தியோகத்தருக்கே விற்க வேண்டும் என்று உறுதியிலேயே எழுத வேண்டும். அது இல்லாமல் கொடுத்தால் முதல் ஆள் வீடு எடுப்பார், பத்து வருடத்தில் அது வெளிநாட்டு விலைக்குப் போகும், இரண்டாவது ஆளுக்கு ஒன்றும் இல்லை. இங்கே பிரித்தானிய விதியை அப்படியே எடுக்க முடியாத இடமும் ஒன்று உண்டு. வேலையை விட்டால் கடனைத் திருப்பு என்பது அவர்களின் விதி. எங்களிடம் வேலை விடுகிறவர் குறைவு, இடமாற்றம்தான் நிறைய. வவுனியாவுக்கு மாற்றினால் வீட்டையும் பறிப்பதா? மாகாணத்துக்குள் சேவையில் இருக்கும் வரை என்று வைத்தால் போதும்.

குவாட்டஸ் (உத்தியோகத்தருக்கான அரச விடுதி) பற்றியும் சொல்ல வேண்டும். முதல் ஐந்து ஆறு வருடம் குறைந்த வாடகையில் ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கிட்ட ஒரு அறை கிடைத்தால், அனெக்ஸ் வாடகைக்குப் போகும் காசு முற்பணமாகச் சேரும். குடும்பநல மருத்துவமாது தன் பிரிவுக்குள்ளேயே இருந்தால்தான் அவசரத்துக்கு ஓடி வர முடியும். அவரே நாளுக்கு இரண்டு பஸ் மாறி வந்தால் அந்தப் பிரிவின் கர்ப்பிணிகளுக்கு நட்டம்.

இணுவிலில் இருக்கும் நொத்தாரிசு ஐயா மச்சாளின் காணிக்கு உரித்து மரம் கீறி முடித்துவிட்டார். ரொறன்ரோத் தம்பியின் தத்துவம் வந்துவிட்டது. லண்டன் பிள்ளையும் போன மாதம் கையெழுத்து வைத்து அனுப்பியிருக்கிறார். லியோனில் இருப்பவர்தான் மிச்சம், எட்டில் ஒரு பங்கு. நல்லூர்த் திருவிழாவுக்கு வருவாராம். வந்து, தகப்பன் ஓடித்திரிந்த வளவை ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்தாம். மச்சாள் திருவிழாக் காலத்தில் லீவுக்கு எழுதி வைத்திருக்கிறா.